பிரேக்கில் எரியும் பெட்ரோல்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றே குறைவு. அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.3 கிலோ. முதன்முதலில் இதைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. ஆனால் கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு வெளியேறுகிறது. எடைக் கணக்கில் 12 பங்காக உள்ளே போன கார்பன் 44 பங்காக வெளியே வருகிறது. டீசலுக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகம், லிட்டருக்கு 2.6 கிலோவுக்கு மேல். நாம் டேங்கில் ஊற்றுவதைவிட மூன்று மடங்கு எடையைக் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் விட்டுக்கொண்டே போகிறோம் என்பது மனதில் பதிந்த பிறகு, ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

பர்ஸுக்கு நல்லதும் காற்றுக்கு நல்லதும் பெரும்பாலும் வெவ்வேறு திசையில்தான் இழுக்கும். காரின் எரிபொருள் விஷயத்தில் இரண்டும் ஒரே திசை. மிச்சமான ஒவ்வொரு லிட்டரும் பணமாகவும் மிச்சம், புகையாகவும் மிச்சம். புதுக் கார் வாங்காமல், எதையும் மாற்றிப் பொருத்தாமல், ஓட்டும் முறையிலும் பராமரிப்பிலும் மட்டும் கவனம் வைத்து, என் வண்டியின் பெட்ரோல் செலவை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைத்திருக்கிறேன். அதில் எது உண்மையிலேயே பலன் தந்தது, எது வெறும் பேச்சு என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை அளப்பது. டாஷ்போர்டு காட்டும் சராசரி மைலேஜை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பல வண்டிகளில் அது நிஜத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நம்பகமான வழி பழைய வழிதான்: டேங்கை முழுதாக நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது, அடுத்த முறையும் முழுதாக நிரப்புவது, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுப்பது. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும் முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும். ரவுண்டாக வரட்டும் என்று அதற்கு மேல் ஊற்றினால் கணக்கு கெடும், வழிந்து வீணாவதும் உண்டு. ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. ஒரு முறை நெடுஞ்சாலைப் பயணம் அதிகமாக இருந்திருக்கும், இன்னொரு முறை நெரிசலிலேயே கழிந்திருக்கும். சில டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் வண்டியின் உண்மையான போக்கு தெரியும். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து எழுதி வருகிறேன். போனில் எழுதினாலும் சரி. எழுதுவதுதான் முக்கியம், ஏனென்றால் மைலேஜ் மெல்ல மெல்லக் குறையும்போது அதை உணர்வால் கண்டுபிடிக்க முடியாது.

கிலோமீட்டர்/லிட்டர் என்ற கணக்கு ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டியை 25 ஆக்குவது பெரிய சாதனையாகத் தெரியும். 10 தரும் வண்டியை 12 ஆக்குவது அற்பமாகத் தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டி 50 லிட்டரிலிருந்து 40-க்கு வருகிறது, மிச்சம் 10. இரண்டாவது வண்டி 100 லிட்டரிலிருந்து 83-க்குச் சற்று மேலே வந்து நிற்கிறது, மிச்சம் கிட்டத்தட்ட 17. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் அதிகம் குடிக்கும் வண்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகிவிடும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்கும் பழக்கம் வந்த பிறகு, எனக்கு எந்தச் சீர்திருத்தம் பெரிது, எது சிறிது என்று பார்த்ததும் புரிகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோலைச் சாப்பிடுவது எஞ்சின் என்று எல்லோரும் சொல்வார்கள். நகரச் சாலையில் அதைச் சாப்பிட வைப்பது பிரேக்.

1,100 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதற்குள் சுமார் 150 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். சிவப்பு விழுந்தது, பிரேக்கை மிதித்து நின்றோம் என்றால் அத்தனையும் பிரேக் ஷூவிலும் டிஸ்க்கிலும் வெறும் சூடாகப் போய்விடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல், அதாவது 32,000 கிலோஜூல் ஆற்றல் உண்டு. ஆனால் அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாகவே வெளியேறும். இப்படிப் பார்த்தால் 60-லிருந்து ஒரு முறை நின்று, மறுபடி 60-ஐ எட்ட வேண்டுமானால், ஓடும் தூரத்துக்கான செலவு போக, கூடுதலாக 20 மில்லி பெட்ரோல் தேவைப்படும். அப்படி ஐம்பது முறை நின்றால் ஒரு லிட்டர் காலி. ஊருக்குள் ஓட்டுபவர் ஐம்பது முறை நிற்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார்கள் நெரிசலில் நல்ல மைலேஜ் தருவதற்குப் பெரிய காரணமும் இதுதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் வண்டியில் அந்த வசதி இல்லை. ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய தேவையைக் குறைக்க நம்மால் முடியும். சைக்கிளில் எதிர்க்காற்றில் போனவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: காலால் மிதித்துச் சேர்த்த வேகத்தை யாரும் சும்மா பிரேக்கில் விட மாட்டார்கள்.

நடைமுறையில் இது எப்படி? தூரத்தில் ஒரு சிக்னல். பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்தே பச்சையாக இருக்கிறது. அப்படியானால் நான் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிட வாய்ப்பு அதிகம். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுகிறேன். க்ளட்சைத் தொடுவதில்லை, கியரிலேயே விட்டுவிடுகிறேன். வண்டி தன் வேகத்திலேயே உருண்டு போகிறது. சிவப்பு விழுகிறது. பக்கத்தில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்க் கோட்டில் சட்டென்று நிற்கிறது. நான் 50-லிருந்து 40, 35 என்று இறங்கியபடி இன்னும் உருண்டுகொண்டிருக்கிறேன். சில நேரம் நான் நெருங்கும்போதே மறுபடி பச்சை விழுந்துவிடும். மூன்றாவது கியரில் அப்படியே தொடர்வேன். நின்றவர் முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டும். விழாவிட்டாலும் நஷ்டமில்லை. அவரும் நானும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம், அந்தக் கடைசித் தூரத்துக்கு நான் பெட்ரோல் செலவழிக்கவில்லை.

செலவழிக்கவில்லை என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். அந்த நேரத்தில் சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. சுற்று வேகம் ஐட்லிங் (நின்ற வண்டியில் எஞ்சின் சும்மா ஓடுவது) அளவுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் மறுபடி பெட்ரோல் பாயும். உடனடி மைலேஜ் காட்டும் மீட்டர் உங்கள் வண்டியில் இருந்தால் இதை நேரில் பார்க்கலாம். காலை எடுத்ததும் முள்ளோ எண்ணோ கடைசி எல்லைக்கு ஓடிவிடும்.

இதனால்தான் இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்கிறேன். இன்ஜெக்ஷன் வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைய வண்டியில் நியூட்ரலில் போனால் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுவதற்காகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சினின் பிடி இல்லாததால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருளும் என்பது உண்மை. ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் அந்தப் பிடியை இழப்பது ஆபத்து. பிரேக் மட்டுமே வேலை செய்து, சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போகும் நிலை வரும். ஓடும்போது எஞ்சினையே அணைத்துவிடுவது அதைவிட மோசம். பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பூஸ்டர் போய்விடும், பவர் ஸ்டீயரிங் போய்விடும். சாவியை முழுதாகத் திருப்பினால் சில வண்டிகளில் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். அதைப் போலவே, காற்று தடுக்கும் என்று லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே இடம் விடுவதுதான் இத்தனைக்கும் அடிப்படை. இடம் இருந்தால்தான் அவர் பிரேக் பிடிக்கும்போது நாம் காலை எடுத்தால் மட்டும் போதும். இடம் இல்லையென்றால் அவருடைய ஒவ்வொரு பிரேக்கையும் நாமும் பிடித்தாக வேண்டும். அவர் அவசரப்பட்டு ஓட்டுவதற்கான செலவு நம் டேங்கிலிருந்து போகும். நான் அவருடைய பின்பக்க விளக்கை மட்டும் பார்ப்பதில்லை. அவருக்கும் முன்னால் போகிறவர் என்ன செய்கிறார் என்று அவர் வண்டியின் கண்ணாடி வழியாகவும் பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். இடைவெளி விட்டால் யாராவது நடுவில் நுழைந்துவிடுவார்களே என்று கேட்பார்கள். நுழைவார்கள். நுழையட்டும். மறுபடி கொஞ்சம் விட்டுக்கொண்டால் முடிந்தது. இப்படி ஓட்டத் தொடங்கிய பிறகு பின் சீட்டில் உட்கார்ந்து வருபவர்களுக்குக் குலுங்கல் குறைந்தது. வண்டியில் ஏறினாலே வயிற்றைப் புரட்டுகிறது என்பவர்கள்கூட நிம்மதியாக வருகிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டிருக்கும் கணக்குப்படி, சீறிக் கிளம்புவதும் அடித்துப் பிரேக் பிடிப்பதுமாக ஓட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் சாலையில் 10 முதல் 40 சதவீதம் வரையும் மைலேஜ் குறையும். வழக்கமான பராமரிப்புச் சமாச்சாரம் ஒவ்வொன்றும் ஒன்று இரண்டு சதவீதம் தரும்போது, கால் மட்டும் இவ்வளவு தருகிறது.

மைலேஜ் வேண்டுமானால் ஊர்ந்து கிளம்ப வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுற்றில், ஓரளவு பாரம் தாங்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரை மயிரிழை அளவு மட்டும் திறந்து, இரண்டாவது கியரில் நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்தால், காற்றை உறிஞ்சுவதற்கே எஞ்சின் திணறும். நிதானமாக, ஆனால் தயங்காமல் வேகம் எடுத்து, 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) அளவிலேயே அடுத்தடுத்த கியருக்குப் போய், சீக்கிரமே உயர்ந்த கியரில் சீரான வேகத்துக்கு வந்துவிடுவது நல்லது. எஞ்சின் முனகித் துடிக்கும் அளவுக்கு உயர்ந்த கியரில் இழுக்கவும் கூடாது. டர்போ உள்ள சிறிய எஞ்சின்களுக்கு அது கெடுதல். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால், வேகம் எடுத்தவுடன் காலை லேசாகத் தளர்த்தினால் கியர் தானாக மேலே ஏறிக்கொள்ளும்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு, எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் தடையோ ஏறக்குறைய 50 சதவீதம் கூடிவிடுகிறது. இதற்குக் கைம்மாறாகக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 12 நிமிடம். அதுவும் சாலை முழுக்கத் தடையின்றி இருந்தால். வழியில் ஒரு சுங்கச்சாவடி வரிசை அந்த 12 நிமிடத்தையும் விழுங்கிவிடும். பெரும்பாலான கார்களுக்கு 80-ஐத் தாண்டியதும் மைலேஜ் வேகமாகச் சரியத் தொடங்கும். நான் 80-க்கும் 90-க்கும் நடுவே, இடது ஓரத் தடத்தில், சீராகப் போகிறேன். சமதளத்தில், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் உதவும். ஏற்ற இறக்கமான சாலையில் அதை அணைத்துவிட்டு, ஏற்றத்தில் வேகம் கொஞ்சம் குறைய விட்டு, இறக்கத்தில் தானாகக் கூட விடுவேன். க்ரூஸ் கன்ட்ரோலுக்கு முன்னால் இறக்கம் வருவது தெரியாது, மேட்டில் முழு மூச்சாக எஞ்சினை விரட்டும்.

இதை நாடுகளே செய்து பார்த்திருக்கின்றன. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்கா 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கி.மீ. என்று வேக வரம்பு வைத்தது. அந்தத் தேசிய வரம்பு 1995-இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. நெதர்லாந்து நைட்ரஜன் மாசைக் குறைப்பதற்காக 2020 மார்ச்சில் பகல் நேர நெடுஞ்சாலை வேகத்தை 100 கி.மீ. ஆக்கியது. 2022 மார்ச்சில் சர்வதேச எரிசக்தி முகமை எண்ணெய்ப் பயன்பாட்டைக் குறைக்கப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டபோது, நெடுஞ்சாலை வேகத்தைக் குறைந்தது 10 கி.மீ. குறைக்க வேண்டும் என்பது அதில் இடம்பெற்றிருந்தது. அரசாங்கம் சட்டம் போட்டுச் செய்யும் இந்த வேலையை, நம் வண்டியைப் பொறுத்தவரை நாமே இன்று காலையிலிருந்து செய்யலாம்.

டயரில் காற்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. தெரிந்தும் செய்யாமல் விடும் அறிவுரையும் அதுதான். நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது கணக்கு. கேட்க அற்பம். ஆனால் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டால் ஆறேழு பிஎஸ்ஐ குறைவது சாதாரணம். கூடவே டயரின் இரு ஓரமும் தேயும், சூடேறும், வெடிக்கும் ஆபத்தும் கூடும். எனவே இதைப் பெட்ரோலுக்காக மட்டும் செய்வதாக நினைக்க வேண்டாம். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பின்பற்றக் கூடாது. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் அதிகமாகக் காட்டும். சொந்தமாக ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால், காலையில் கிளம்பும் முன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடலாம். அளவுக்கு மேல் காற்றடித்தால் மைலேஜ் கூடுமே என்று கேட்டால், கூடும். பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். அதனால் அடிப்பதில்லை.

எங்கேயாவது போய் வந்து வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். தொடுவதில்லை, சுட்டுவிடும். அனல் அடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. ஒரு முறை பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அனல் அடித்தது. நோட்டைப் புரட்டினால் மைலேஜும் கொஞ்ச நாளாகச் சரிந்துகொண்டே வந்திருந்தது. மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சக்கரத்தைச் சுழற்றினார். அரைச் சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் உரசி நின்றது. "சார், ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சு முழுசா திரும்பி வரல. நீங்க கீழ இறக்கினாலும் இந்தச் சக்கரத்துல அது பிடிச்சுக்கிட்டேதான் இருக்கு" என்றார். கேபிளை மாற்றி, ஷூவைச் சுத்தம் செய்து, மறுபடி சுழற்றினார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? புகை வந்த பிறகுதான் எல்லாரும் கொண்டு வருவாங்க" என்று கேட்டார். அடுத்த டேங்கிலேயே மைலேஜ் பழைய இடத்துக்குத் திரும்பியது. இந்தப் புறங்கைப் பரிசோதனைக்குச் செலவே கிடையாது. சமதளத்தில் நியூட்ரலில் வைத்து ஒரு ஆள் தள்ளினால் வண்டி எளிதாக நகர்கிறதா என்று பார்ப்பதும் இதே வகை.

டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமான்களை இறக்குங்கள். 45 கிலோ சுமைக்குச் சுமார் 1 சதவீதம் போகும். சிறிய காருக்கு அது இன்னும் கூடுதல். கூரை மேல் கேரியரோ பெட்டியோ பொருத்தியிருந்தால், வேலை முடிந்த அன்றே கழற்றிவிடுங்கள். பெரிய கூரைப் பெட்டி நெடுஞ்சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை தின்றுவிடும்.

ஏசி விஷயத்தில் நான் தீவிரவாதி இல்லை. வியர்த்து எரிச்சலோடு ஓட்டுபவர் நிதானமாக ஓட்ட மாட்டார், அந்த நஷ்டம் ஏசி குடிப்பதைவிட அதிகம். ஆனால் கடும் வெயிலில், அதுவும் குறுகிய பயணங்களில், ஏசி கால் பங்குக்கு மேல்கூட மைலேஜைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டிக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட மிகவும் அனலாக இருக்கும். அதைக் குளிர்விக்கக் கம்ப்ரசரை விரட்டுவதைவிட, கதவுகளைத் திறந்துவைத்து, கிளம்பிய முதல் சில நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அந்த அனலை வெளியேற்றிய பிறகு ஏசி போடலாம். பிறகு உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள். கடைசி அளவு குளிரில் வைக்காமல் 24, 25-இல் வையுங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிக்கொள்வது சிக்கனம். நெடுஞ்சாலையில் கண்ணாடி திறந்திருந்தால் காற்றின் தடை கூடும், அங்கே ஏசிதான் சரி. நிழலில் நிறுத்துவதற்காகச் சற்று தூரம் நடக்க வேண்டியிருந்தால் நான் நடந்துவிடுவேன்.

நின்றுகொண்டே ஓடும் எஞ்சின் தரும் மைலேஜ் பூஜ்யம். சிறிய எஞ்சினே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசியும் ஓடினால் இன்னும் அதிகம். பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே லாபம் என்கிறார்கள். ஸ்டார்ட்டர், பேட்டரி இரண்டையும் மனதில் வைத்து நான் அரை நிமிடம் என்று எல்லை வைத்திருக்கிறேன். ரயில்வே கேட், யாரையோ அழைத்துச் செல்லக் காத்திருப்பது, போன் பேச ஓரம் கட்டுவது, நீண்ட சிக்னல், இங்கெல்லாம் உடனே அணைத்துவிடுவேன். பள்ளி வாசலில் வரிசையாகக் கார்கள் ஏசி ஓட நிற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பது வெளியே வரும் குழந்தைகள்தான்.

காலையில் எஞ்சினைச் சூடாக்க வேண்டும் என்று ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய வண்டிக்கு அது தேவையில்லை. அரை நிமிடம் கழித்துக் கிளம்பி, முதல் சில கிலோமீட்டரை மென்மையாக ஓட்டினால், நின்ற இடத்தில் சூடாவதைவிட வேகமாகச் சூடாகிவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆயில் கெட்டியாக இருக்கும், கலவையில் பெட்ரோல் கூடுதலாகப் போகும். புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் வேலை செய்யவே தொடங்கும். அதுவரை கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் பெருமளவு அப்படியே வெளியே வரும். ஆகவே தூரத்தை வைத்துப் பார்த்தால் மிக மோசமான பயணம் முக்கிலிருக்கும் கடைக்குக் காரில் போய் வருவதுதான். குளிர்ந்த எஞ்சினோடு தனித்தனியாகப் போகும் பல குறும்பயணங்கள், அதே தூரத்தைச் சூடான எஞ்சினோடு ஒரே மூச்சில் முடிப்பதைவிட இரண்டு மடங்கு பெட்ரோல் பிடிக்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் வேலைகளைச் சேர்த்துவைக்கத் தொடங்கினோம். வங்கி, மருந்து வாங்குவது, உறவினர் வீடு எல்லாம் ஒரே சுற்றில். தொலைவில் உள்ள இடத்துக்கு முதலில் போய்விடுவோம், அதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிடும். திரும்பும் வழியில் மற்றவை. ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடை. இரண்டு மூன்று கிலோமீட்டர் என்றால் சைக்கிள். காரை எடுக்கலாமா என்ற கேள்வி வீட்டில் எழ ஆரம்பித்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வேலைக்கு ஒரே திசையில் போகும் நண்பர் ஒருவரோடு முறை வைத்து ஒரே வண்டியில் போகத் தொடங்கியதும் சேர்ந்தது. அதில் இருவருக்கும் பாதிப் பாதி மிச்சம். ஓட்டும் முறையில் எத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் இந்தப் பாதியை எட்ட முடியாது.

சர்வீஸ் பற்றிச் சுருக்கமாக. கம்பெனி கையேட்டில் சொன்ன தரத்து ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். கெட்டி ஆயில் எஞ்சினுக்கு நல்லது என்று சொல்லி வேறு தரத்தை ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் போய்விடும். ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்ஜெக்ஷன் வண்டிகளில் இழுவைதான் குறையும், மைலேஜ் அவ்வளவாக மாறாது என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்துக் காட்டியிருக்கிறது. எஞ்சினுக்காக மாற்றுங்கள், மைலேஜ் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்தால் 40 சதவீதம் வரைகூட மைலேஜ் மீளலாம். எவ்வளவு ஓடியும் எஞ்சின் சூடு முள் நடுவுக்கு வரவில்லையென்றால் எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்கலாம். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதென்றால் வீல் அலைன்மென்ட்டைப் பாருங்கள்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மந்திரத் திரவம், சிகரெட் சாக்கெட்டில் செருகும் பெட்டி, இவற்றில் ஒரு காசும் போடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்து, மிகச் சிலவற்றில் மட்டுமே சொற்பப் பலன் கண்டது. அதிக ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான். கையேடு கேட்காத வண்டிக்கு அதனால் நன்மை இல்லை. அதிகாலையில் நிரப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் வெறும் பேச்சு. பங்கின் தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது, அதன் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறாது.

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. தந்தால் 1,000 லிட்டர் தேவை. அதே வண்டி 15 தந்தால் 800 லிட்டர் போதும். மிச்சமாகும் 200 லிட்டருக்கான பணத்தை உங்கள் ஊர் விலையில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். காற்றில் கலக்காமல் போகும் கரியமில வாயு சுமார் 460 கிலோ.

என் வண்டிக்கு அடுத்து டயர் மாற்ற வேண்டிய நேரம் நெருங்குகிறது. உருளும்போது குறைவாகத் தடை தரும் டயர்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவில் 2012-இலிருந்து டயர்களுக்கு எரிபொருள் சிக்கனம், ஈரச்சாலைப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் தனித்தனியே லேபிள் ஒட்டுகிறார்கள். 2021 முதல் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிப்புக்கும் அது ஏ-யிலிருந்து இ வரை ஐந்து தரம். சிக்கனத்துக்கு மட்டும் நல்ல எழுத்து வாங்கிவிட்டு ஈரப் பிடிப்பில் கீழே நிற்கும் டயர்களும் கடையில் இருக்கும். இரண்டிலும் நல்ல தரம் உள்ளது கிடைக்கும் வரை பழைய டயரில் காற்றைச் சரியாக வைத்து ஓட்டிக்கொள்கிறேன், அதற்குள் தேய்மானக் குறியை எட்டிவிட்டால் ஈரப் பிடிப்பு நன்றாக உள்ளதைத்தான் எடுப்பேன்.